சர்வர் ரூமுக்கு பிரிசிஷன் ஏசி போடப் போகிறீர்களா? ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படிங்க

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் கொஞ்சம் வளர்ந்த பனியன் கம்பெனி, மில், ஏற்றுமதி ஆபீஸ் என எதற்குள் போனாலும் ஒரு சர்வர் ரூம் இருக்கும். முக்கால்வாசி இடங்களில் அது பழைய ஸ்டோர் ரூம்தான். இரண்டு ரேக், ஒரு யுபிஎஸ், சுவரில் ஒரு ஸ்பிளிட் ஏசி. சித்திரை வெயிலில் ஒரு சர்வர் சூடு தாங்காமல் நின்ற பிறகுதான் முதலாளி "நல்ல ஏசியா ஒண்ணு போட்டுருங்க" என்பார், அந்த வேலை ஐடி ஆள் தலையில் விழும். என் தலையில் அப்படித்தான் விழுந்தது. ஏசி டீலர் ஒன்று சொல்வார், எலக்ட்ரீஷியன் அண்ணன் இன்னொன்று சொல்வார், மேஸ்திரி "அதெல்லாம் பார்த்துக்கலாங்க" என்பார். மெஷினை வாங்குவது சுலபம். இந்த மூன்று பேருக்கும் நடுவில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும் வேலைகள்தான் பணத்தையும் நாளையும் தின்கின்றன. அவற்றைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்பிளிட் ஏசியே போதாதா என்று முதலாளி கட்டாயம் கேட்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளிட் ஏசி மனிதர்கள் உட்காரும் அறைக்குச் செய்தது. அதன் திறனில் கணிசமான பங்கு காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவதிலேயே போய்விடும். சர்வருக்கு வியர்க்காது, வெறும் சூடு மட்டும்தான். பிரிசிஷன் ஏசியின் திறனில் பத்தில் ஒன்பது பங்கும் அதற்கு மேலும் அந்த வறண்ட சூட்டை எடுக்கவே போகும். அதோடு 24 மணி நேரமும் ஓடும், ஈரப்பதத்தையும் பார்த்துக்கொள்ளும், கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்பும்.

1. டன் கணக்கை டீலரிடம் விடாதீர்கள்

"ரூம் எத்தனை சதுர அடிங்க?" என்று மட்டும் கேட்டு டன் சொல்லும் டீலரை அங்கேயே நிறுத்திவிடலாம். சர்வர் ரூமுக்குச் சதுர அடிக் கணக்கு உதவாது. சர்வருக்குள் போகும் கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது, ஆகவே அளக்க வேண்டியது கரண்டைத்தான். யுபிஎஸ் திரையில் அவுட்புட் கிலோவாட் தெரியும். மாதக் கடைசியில் சம்பளம், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் ஒன்றாக ஓடும் நாளில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அவுட்புட் 8 கிலோவாட். யுபிஎஸ் அதே அறையில் இருந்தால் அதன் இழப்பு 0.7. விளக்கு, ஆள் நடமாட்டம், சுவர், கூரை எல்லாம் சேர்த்து 1.3. ஆக மொத்தம் 10 கிலோவாட். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட், அதனால் இது 2.8 டன். வளர்ச்சிக்குக் கால்வாசி சேர்த்தால் 12.5 கிலோவாட், சுமார் மூன்றரை டன். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏழு டன் வாங்கிவிடாதீர்கள். சுமை குறைவாக இருந்தால் கம்பிரசர் நிமிடத்துக்கொரு தரம் ஆன் ஆகி ஆஃப் ஆகியே சீக்கிரம் செத்துப்போகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் மட்டும் கூரைக்கான கணக்கைத் தாராளமாகப் போடுங்கள்.

ஒரு மெஷின் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று நின்றாலும் இன்னொன்று தனியாக முழுச் சுமையையும் தாங்க வேண்டும். பட்ஜெட் இடித்தால் பிராண்டில் இறங்கி வாருங்கள், எண்ணிக்கையில் இறங்காதீர்கள்.

கேட்டலாக்கில் ஒரு சூழ்ச்சி உண்டு. பெரிய எழுத்தில் இருப்பது மொத்தத் திறன். உங்களுக்கு வேண்டியது சென்சிபிள் திறன் (ஈரத்தைப் பிழிவது போக, வறண்ட சூட்டை மட்டும் எடுக்கும் திறன்), அதுவும் 24 டிகிரி ரிட்டர்ன் காற்றுக்கு, அதாவது அறையிலிருந்து ஏசிக்குத் திரும்பும் காற்றுக்கு எவ்வளவு என்பது. அதை எழுத்தில் கேளுங்கள்.

2. அறையை முதலில் அடைத்து முடியுங்கள்

ஜன்னல் இருந்தால் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள், கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவதெல்லாம் வேலைக்காகாது. கேபிள் வரும் ஓட்டைகள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பக்கத்து அறையோடு சேரும் இடைவெளி, கதவுக்கு அடியில் இருக்கும் சந்து, எல்லாம் மூடப்பட வேண்டும். மில்லுக்குள்ளோ நிட்டிங் யூனிட்டுக்குள்ளோ அறை இருந்தால் இது இரண்டு மடங்கு முக்கியம், பஞ்சு எந்தச் சந்திலும் நுழைந்துவிடும்.

ரெய்ஸ்டு ஃப்ளோர் (பழைய தரைக்கு மேல் ஸ்டாண்டு வைத்து எழுப்பும் இன்னொரு தரை) போடுவதானால் குறைந்தது 300 மில்லிமீட்டர் உயரம், 450 கிடைத்தால் நல்லது. தரைக்கு அடியில் குளிர்ந்த காற்று ஓடுவதால் கீழ்த் தளத்தின் கூரையில் வியர்க்கும், அதைத் தடுக்கப் பழைய தரைமேல் நைட்ரைல் இன்சுலேஷன் ஒட்டிவிட்டுத்தான் ஸ்டாண்டு நட வேண்டும். கூரை உயரம் பத்தடிக்கும் குறைவு என்றால் ரெய்ஸ்டு ஃப்ளோரை மறந்துவிட்டு, ரேக்குக்கு நடுவில் நிற்கும் இன்-ரோ வகையையோ முன்பக்கம் ஊதும் வகையையோ கேளுங்கள்.

ரேக்குகளின் முகம் எல்லாம் ஒரே பக்கம் இருக்கட்டும், காலி இடங்களை பிளாங்கிங் பேனல் போட்டு மூடுங்கள். விலை அற்பம், பலன் பெரியது.

மெஷின் வரும் வழியையும் இப்போதே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இண்டோர் யூனிட் கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம், சில நூறு கிலோ எடை இருக்கும். கம்பிரசர் உள்ளே இருப்பதால் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. மாடிப்படி திரும்பும் இடத்தில் திரும்பாமல் நின்றால், லாரிக்காரர் வெயிட்டிங் காசு கேட்டுக்கொண்டு கீழே நிற்பார்.

3. மொட்டை மாடி: நம் ஊர் வெயில், காற்று, பஞ்சு

இந்த ஒரு விஷயத்தில் வெளியூர் கேட்டலாக்கை அப்படியே நம்பக் கூடாது. பல கேட்டலாக்குகளில் திறனை வெளி வெப்பம் 35 டிகிரி என்று வைத்துத்தான் போட்டிருப்பார்கள். கரூர் பரமத்தியும் ஈரோடும் சேலமும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வருஷா வருஷம் செய்தியில் வருகிறது. அதுவும் நிழலில் எடுத்த அளவு, மொட்டை மாடித் தளத்துக்கு மேல் இருக்கும் காற்று அதைவிடச் சூடு. அதனால் மாடியில் நிற்கும் அவுட்டோர் யூனிட்டான கண்டென்சரை 45 டிகிரிக்குத் தேர்வு செய்துதரச் சொல்லுங்கள். அந்த வெப்பத்தில் திறன் எவ்வளவு என்று டேட்டா ஷீட்டில் எழுதி வாங்குங்கள். கோயம்புத்தூர் கொஞ்சம் குளிர்ச்சியான ஊர் என்பதால் அங்கே இதைச் சிலர் தளர்த்துகிறார்கள், நான் தளர்த்த மாட்டேன்.

அடுத்தது காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், சூலூர் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே? காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. பக்கவாட்டில் ஊதும் கண்டென்சரை மேற்குப் பார்த்து வைத்தால், அது வெளியே தள்ளும் சூட்டை மேல்காற்று திரும்ப அதன் முகத்திலேயே அடிக்கும், ஹை பிரஷர் அலாரம் வந்து மெஷின் நிற்கும். ஜூன், ஜூலையில் வெயில் குறைந்த பிறகு ஏசி ஏன் டிரிப் ஆகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் அவுட்டோரின் முகம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். வடக்கு அல்லது தெற்குப் பார்த்து வையுங்கள், முடிந்தால் மேல்நோக்கி ஊதும் வகையாக வாங்குங்கள். சுற்றிலும் ஒரு மீட்டர் காலி இடம் வேண்டும். இரண்டு அவுட்டோர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது.

மூன்றாவது பஞ்சு. திருப்பூரில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஊதும் பக்கத்தில் வைத்த கண்டென்சர், சில வாரத்தில் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும். எக்ஸாஸ்ட் வாயிலிருந்து தள்ளி வையுங்கள், கழற்றிக் கழுவக்கூடிய வலை ஒன்று போடச் சொல்லுங்கள், மாடியில் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு வழி செய்யுங்கள். குழாய் இல்லாத மாடியில் யாரும் கண்டென்சரின் காயிலை (சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருள்) கழுவுவதில்லை, அதுதான் நடைமுறை. டையிங் யூனிட் பக்கத்தில் இருந்தால் காயிலுக்கு அரிப்பைத் தாங்கும் பூச்சுக் கேளுங்கள், ஆர்டரோடு கேட்டால் மட்டும்தான் அது கிடைக்கும்.

4. கரண்ட்: ஈபி, ஜெனரேட்டர், ஃபேஸ்

காசு கட்டும் முன் சாங்ஷன் லோடில் (ஈபி உங்களுக்கு அனுமதித்த மின்பளு) இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூடுதல் மின்பளுவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் டெஸ்ட் ரிப்போர்ட், கட்டட உரிமைக்கான ஆவணம், வாடகை இடம் என்றால் உரிமையாளர் சம்மதக் கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். அந்தப் பகுதி டிரான்ஸ்ஃபார்மரில் கொள்ளளவு இல்லையென்றால் இது இழுத்துக்கொண்டே போகும், ஆகவே ஏசி ஆர்டருக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். ஹெச்டி (உயர் அழுத்த) இணைப்பு உள்ள மில்லாக இருந்தால் உச்சத் தேவை அனுமதித்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் பில்லில் அபராதமாக வரும்.

பிரிசிஷன் ஏசியை யுபிஎஸ்ஸில் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது ஜெனரேட்டரில் வரட்டும். கன்ட்ரோலரும் ஃபேனும் மட்டும் யுபிஎஸ்ஸில் வரும்படி தனி சப்ளை கிடைத்தால் மிக நல்லது, கம்பிரசர் நிற்கும் நிமிடங்களில் காற்றாவது ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் பழையது என்றால் கம்பிரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலையில்தான் கரண்ட் தருவார்கள் அல்லவா, அந்த முழு நாளுக்கும் ஏசி ஜெனரேட்டரில்தான் ஓடப்போகிறது, டீசல் கணக்கு அதற்கேற்ப இருக்கட்டும்.

எல்லோரும் விழும் பள்ளம் ஃபேஸ் வரிசை, அதாவது மூன்று ஃபேஸும் எந்த வரிசையில் வருகின்றன என்பது. ஸ்க்ரோல் கம்பிரசர் ஒரு திசையில் மட்டும்தான் சுற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வேலை முடித்து லைனை மாற்றிக் கட்டினாலோ, ஈபியின் ஃபேஸ் வரிசையும் ஜெனரேட்டர் வரிசையும் வேறாக இருந்தாலோ கம்பிரசர் தலைகீழாகச் சுற்றும். கடகடவென்று சத்தம் வரும், குளிர் வராது, விட்டுவைத்தால் கெட்டுப்போகும். ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே மெஷினுக்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், இல்லையென்றால் பேனலில் தனியாகப் போடுங்கள். ஜெனரேட்டரையும் ஈபியையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை என்று டீலர் சொல்வார், அது டீலர் வேலை என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். நீங்களே பக்கத்தில் நின்று செய்யவையுங்கள்.

மாதச் செலவையும் முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மேலே சொன்ன உதாரணத்தில் மெஷின் சராசரி 4 கிலோவாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 96 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 29 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிலைக் கட்டணம் தனி.

5. தண்ணீர் உள்ளே, தண்ணீர் வெளியே

ஏசிக்கு எதற்குத் தண்ணீர் என்பார்கள். ஹியூமிடிஃபையருக்குத்தான். காற்று ரொம்ப வறண்டால் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) சேரும் என்பதால் நீராவி விட்டு ஈரப்பதத்தை ஏற்றும் பாகம் அது. எலக்ட்ரோடு வகை ஹியூமிடிஃபையர் தண்ணீர் வழியாகவே கரண்ட்டைப் பாய்ச்சிக் கொதிக்கவைக்கும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால்தான் கரண்ட் பாயும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் உப்பு மிகக் குறைவு. ஆர்ஓ தண்ணீரும் அப்படியே. ஆவி சரியாக வராமல் அலாரம் அடிக்கலாம். அதற்கு நேர்மாறாகப் போர் தண்ணீரை விட்டால் சிலிண்டர் சுண்ணாம்பு கட்டி வீணாகும், புதுச் சிலிண்டர் விலை உங்கள் தலையில். எந்த மின்கடத்துத் திறன் வரம்பில் தண்ணீர் வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்து, அந்த ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் நன்றாக அடைத்த சின்ன அறையில் இரண்டு மெஷினுக்கும் ஹியூமிடிஃபையர் தேவையில்லை, ஒன்றில் இருந்தால் போதும். இரண்டிலும் இருந்தால் ஒன்று ஈரத்தை ஏற்றும், மற்றது அதே ஈரத்தைப் பிழிந்து எடுக்கும், மீட்டர் ஓடும்.

வடிகால் குழாய்க்குச் சரிவு வேண்டும், யு-டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் யு வடிவ வளைவு) வேண்டும். ஹியூமிடிஃபையர் வெளியேற்றும் நீர் கொதிக்கக் கொதிக்க வரும், சாதாரண பிவிசி குழாய் இளகி வளைந்துவிடும். சிபிவிசி அல்லது ஜிஐ போடச் சொல்லுங்கள். பிளம்பருக்கு இது ஏசி டிரெய்ன் என்று மட்டும் தெரிந்தால் பிவிசிதான் போடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு நீர்க்கசிவு சென்சார் கேபிளும் இருக்கட்டும்.

6. கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

மெஷின் விலை ஒரு பக்கம்; "வாடிக்கையாளர் பொறுப்பு" என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது மறுபக்கம். குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் காப்பர் குழாய் மீட்டர் கணக்கு, கூடுதல் கேஸ், கோர் கட்டிங் (சுவரிலும் தளத்திலும் ஓட்டை போடுவது), அவுட்டோர் ஸ்டாண்டு, கிரேன், மெயின் பேனலிலிருந்து கேபிள், எர்த்திங், வடிகால், தண்ணீர் இணைப்பு, இதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். யார் செய்வது, யார் காசு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் பர்ச்சேஸ் ஆர்டரோடு போகட்டும். இருந்தும் கொட்டேஷன் தொகைக்கு மேல் கால்வாசி ஒதுக்கி வையுங்கள்.

ஏசிக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய கொட்டேஷனைத் தூசு தட்டி அனுப்பினால் கவனியுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வரும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். அதில் டெலிவரி முகவரி ஹெட் ஆபீஸ் பெயரில் போய்விடாமல், மெஷின் இறங்கும் யூனிட் முகவரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாரண்டி வரியை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். "கமிஷனிங் ஆன நாளிலிருந்து 12 மாதம் அல்லது டெஸ்பாட்ச் ஆன நாளிலிருந்து 18 மாதம், எது முந்தியோ அது" என்று இருப்பது வழக்கம். கமிஷனிங் என்பது பொருத்தி முடித்து ஓட்டிக் காட்டி ஒப்படைப்பது, டெஸ்பாட்ச் என்பது கம்பெனியிலிருந்து மெஷின் கிளம்புவது. மெஷின் வந்து, அறை முடியாமல் எட்டு மாதம் குடோனில் கிடந்தால் வாரண்டி அங்கேயே கரைகிறது. ஆகவே அறை வேலை முடியும் தேதி உறுதியாகத் தெரியாமல் டெஸ்பாட்ச் சொல்லாதீர்கள்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். கமிஷனிங் ரிப்போர்ட் கையில் வரும் வரை கடைசித் தவணை உங்களிடமே இருக்கட்டும். கெடுபிடி என்று நினைக்க வேண்டாம், ஆட்களைத் திரும்ப வரவைக்க அது ஒன்றுதான் கயிறு.

7. எப்போது தொடங்குவது

மார்ச் முதல் மே வரை ஏசி ஆட்கள் ஃபோனே எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் மாடி வேலை நடக்காது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் திருப்பூரில் கூலி ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆடி முடிந்து ஆவணியில் ஆர்டர் போட்டு, பொங்கல் நாட்களை விட்டுவிட்டு மார்கழி, தையில் பொருத்துவது வசதி. பிரிசிஷன் ஏசி கடையில் ஸ்டாக்கில் இருக்கும் சாமான் அல்ல, ஆர்டருக்குப் பிறகு வாரக்கணக்கில் ஆகும்.

8. பொருத்தும்போது பக்கத்தில் நிற்க வேண்டிய இடங்கள்

எல்லா நேரமும் நிற்க வேண்டாம், இவற்றுக்கு மட்டும் நில்லுங்கள். காப்பர் குழாயை பிரேசிங் செய்யும்போது உள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உள்சுவரில் கரி மாதிரி ஆக்ஸைடு படிந்து பின்னால் வால்வை அடைக்கும். அவுட்டோர் மேலே இருந்தால் ஏறும் குழாயில் ஆயில் டிராப் (கம்பிரசர் ஆயில் திரும்பி வர உதவும் வளைவு) வேண்டும், எத்தனை அடிக்கு ஒன்று என்பது மேனுவலில் இருக்கும்.

அப்புறம் நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட், 24 மணி நேரம். சாயங்காலம் ஏற்றி மறுநாள் மதியம் பார்த்தால் வெயிலுக்கு அழுத்தம் கூடித் தெரியும், சின்ன லீக் அதில் மறைந்துவிடும். ஏற்றிய அதே நேரத்துக்கு மறுநாள் பாருங்கள், கேஜை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு வேக்யூம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சுவது. மைக்ரான் கேஜ் வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். "அரை மணி நேரம் ஓட்டியாச்சுங்க சார், போதும்" என்பது அளவே இல்லை. கேஸைத் தராசு வைத்து எடை போட்டு ஏற்றவும், ஏற்றிய கிலோவை மெஷின் மேல் மார்க்கரில் எழுதவும் சொல்லுங்கள்.

மாடியில் போகும் குழாய் இன்சுலேஷனுக்கு மேல் அலுமினியத் தகடோ புற ஊதாக் கதிர் தாங்கும் பூச்சோ இல்லையென்றால் ஒரு கோடைக்குள் பொடியாக உதிரும்.

9. கமிஷனிங்: காலி அறையில் கையெழுத்துப் போடாதீர்கள்

சர்வர் ஏறாத அறையில் எந்த ஏசியும் நன்றாகத்தான் குளிரும். 2 கிலோவாட் ரூம் ஹீட்டர்களை வாடகைக்கு எடுத்து, உங்கள் கணக்கிலுள்ள சுமை வரும் வரை அறையில் பரப்பி வைத்துச் சில மணி நேரம் ஓட்டுங்கள். ஹீட்டருக்குத் தனி சர்க்யூட், பக்கத்தில் ஆள், இரண்டும் வேண்டும்.

ஒரு மெஷினை நிறுத்தி மற்றது தாங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஈபி மெயினை இறக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வந்து, கம்பிரசர் திரும்பக் கிளம்ப எத்தனை நிமிடம் ஆகிறது, அதற்குள் ரேக் முன்பக்கம் எவ்வளவு ஏறியது என்று குறியுங்கள். ஆட்டோ ரீஸ்டார்ட் செட்டிங்கை ஆன் செய்யாமலே கிளம்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். தீயணைப்பு கேஸ் சிஸ்டம் இருந்தால் அதன் சிக்னலில் ஏசி நிற்கிறதா என்பதும் அன்றே தெரிய வேண்டும்.

செட்டிங்கில் 18 டிகிரி வைக்கும் ஆசையை விடுங்கள். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பதுதான் ஆஷ்ரே (ASHRAE) என்ற அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. ரேக் முகத்தில் 22 முதல் 24 இருந்தால் நிம்மதி, பில்லும் குறையும். அளப்பதை ரேக்கின் மேல்பகுதியில் முன்பக்கமாக அளங்கள், ஏசி திரையில் தெரிவது ரிட்டர்ன் காற்றின் சூடு.

கையில் வாங்க வேண்டியவை: கமிஷனிங் ரிப்போர்ட், பிரஷர் டெஸ்ட் விவரம், கரண்ட், வோல்ட்டேஜ் அளவுகள், குழாயும் கேபிளும் உண்மையில் போன வழியைக் காட்டும் வரைபடம், மேனுவல், வாரண்டி அட்டை, கன்ட்ரோலர் பாஸ்வேர்டு. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லாமல் செட்டிங் மாற்றக்கூட சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு விசிட் சார்ஜ் கொடுக்க வேண்டியிருக்கும்.

10. ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்)

வாரண்டி முடியும் முன்பே, ஆர்டர் பேச்சிலேயே அடுத்த மூன்று வருட ஏஎம்சி விலையை எழுதி வாங்குங்கள், பிறகு கேட்டால் விலை வேறு. காம்ப்ரிஹென்சிவ் (எல்லாம் அடங்கியது) என்றாலும் ஃபில்டர், ஹியூமிடிஃபையர் சிலிண்டர், பெல்ட், சில சமயம் கேஸ்கூட அதில் வராது, பட்டியலைக் கேளுங்கள். சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதும் முக்கியம். கோயம்புத்தூரில் ஆள் இருந்தால் கரூருக்கு அன்றைக்கே வந்துவிடலாம், சென்னையிலிருந்து என்றால் மறுநாள்தான். மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ் என்பது பொது வழக்கம். பஞ்சுள்ள இடத்தில் மாதம் ஒரு முறை காயில் கழுவுவதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள், அதற்கு ஒத்துவராத டீலர் என்றால் உங்கள் எலக்ட்ரீஷியனுக்கே ஒரு முறை சொல்லிக்கொடுத்து, பிரஷர் வாஷர் போடாமல் சாதாரண ஹோஸில் கழுவச் சொல்லுங்கள், அதிக அழுத்தத்தில் அடித்தால் காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின் மடங்கிவிடும்.